பரம்பரையில் சுகர்: மரபணுவின் பங்கு எவ்வளவு?

உடல்நலப் பரிசோதனைக்குப் போனால் ரத்தம் எடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க யாருக்காவது சுகர் இருக்கா?" சிங்கப்பூர்த் தமிழர்களில் பலரால் இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிவதில்லை. அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு, அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு என்று பட்டியல் நீளும். தாதி படிவத்தில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

அந்தக் குறியை வைத்து நம்மிடையே இரண்டு கட்சி உண்டு. "எங்க குடும்பத்துக்கே இருக்கு, எனக்கும் வரத்தான் போகுது, அதுவரைக்கும் சாப்பிட்டுப் போவோம்" என்பது ஒன்று. "பரம்பரையாவது ஒண்ணாவது, வாயைக் கட்டினா எதுவும் வராது" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஒருவருடைய கணையம் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைப் பெருமளவு மரபணு முடிவு செய்கிறது. அந்தச் சுமை எப்போது, எவ்வளவு ஏறுகிறது என்பது வேறு கதை. இரண்டாம் வகை நீரிழிவு இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது.

ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதும்

சோறு, புரோட்டா, மீ கோரெங், எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள் அந்த ஏற்றத்தை உணர்ந்து இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் வந்ததும் தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்கின்றன, கல்லீரல் மிச்சத்தைச் சேமித்துவைக்கிறது. இரவு தூங்கும்போது கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை வெளியே விடுகிறது. காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் அளவு பெரும்பாலும் கல்லீரலின் இந்த வேலையைத்தான் காட்டுகிறது. இரவு பட்டினி கிடந்தும் காலையில் சுகர் ஏறியிருப்பது எப்படி என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில்.

இரண்டாம் வகை நீரிழிவில் இரண்டு கோளாறுகள் சேர்ந்துகொள்கின்றன. தசையும் கல்லீரலும் இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. அதை ஈடுகட்டப் பீட்டா செல்கள் கூடுதலாக இன்சுலின் சுரக்கின்றன. சிலருக்கு இந்தக் கூடுதல் வேலை ஆயுள் முழுக்க ஓடிவிடும், சர்க்கரை ஏறவே ஏறாது. மற்றவர்களுக்கு ஒரு கட்டத்தில் பீட்டா செல்கள் களைத்துப் பின்வாங்குகின்றன. சர்க்கரை ஏறத் தொடங்குவது அப்போதுதான். குண்டாக இருக்கும் எல்லோருக்கும் நீரிழிவு வருவதில்லை, ஒல்லியாக இருக்கும் சிலருக்கு வந்துவிடுகிறது என்ற புதிருக்குப் பதிலில் பாதி இங்கே இருக்கிறது.

இங்கே சிங்கப்பூரில் வெறும் வயிற்று அளவு லிட்டருக்கு 6.0 மில்லிமோல் வரை இயல்பு, 6.1 முதல் 6.9 வரை நடுநிலை, 7.0 அல்லது அதற்கு மேல் போனால் நீரிழிவு. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் மாமா "எனக்கு 126" என்றால் பதற வேண்டாம். அது மில்லிகிராம் கணக்கு, 18ஆல் வகுத்தால் நம் கணக்கு வந்துவிடும். அப்புறம் பதறலாம், ஏனென்றால் 126 என்பது சரியாக 7.0.

பரம்பரை என்று எப்படித் தெரிந்தது?

இரட்டையர்களை வைத்துத்தான். ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒத்த இரட்டையருக்கு மரபணு அச்சாக ஒன்றே. வேறு வேறு கருவிலிருந்து வந்த இரட்டையருக்கு, சாதாரண அண்ணன் தம்பிக்கு இருப்பதுபோலப் பாதிதான் ஒத்துப்போகும். இரண்டு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டில்தான் வளர்கிறார்கள். ஆனாலும் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வந்தால் மற்றவருக்கும் வருவது மிக அதிகம், மற்ற வகை இரட்டையரிடம் அவ்வளவு இல்லை. பெற்றோர் கணக்கும் இதே திசையில்தான் போகிறது. தாய் தந்தையில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு ஆயுளில் எப்போதாவது வரும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு என்றும், இருவருக்கும் இருந்தால் 70 விழுக்காட்டை நெருங்கும் என்றும் மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

சரி, 40 விழுக்காடு என்றால் மீதி 60 விழுக்காடு? அந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும். ஒத்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராத ஜோடிகள் கணிசமாக இருக்கின்றன. மரபணு மட்டுமே காரணம் என்றால் அப்படி நடக்க வழியில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. குடும்பத்தில் கைமாறுவது மரபணு மட்டும்தானா? சோற்றின் அளவு, தேநீரில் விழும் சர்க்கரை, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கம், இவையும் வாரிசுக்குப் போகின்றன. அப்பாவுக்கும் மகனுக்கும் சுகர் என்றால் அதில் எவ்வளவு டிஎன்ஏ, எவ்வளவு சமையலறை என்று ஒரு குடும்பத்தை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

ஒரு மரபணுவா, பல மரபணுக்களா?

நீரிழிவில் ஒற்றை மரபணு வகை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. மருத்துவர்கள் அதை 'மோடி' என்ற சுருக்கப்பெயரால் அழைக்கிறார்கள் (அரசியல் தொடர்பு ஏதும் இல்லை). ஒரே ஒரு மரபணு பழுதானால் போதும், தலைமுறை தவறாமல் வரும், பெரும்பாலும் 25 வயதுக்குள் தலைகாட்டும். மொத்த நீரிழிவு நோயாளிகளில் இவர்கள் மிகச் சிலரே. ஆனால் கண்டுபிடித்தால் பலன் பெரிது. குளுக்கோகைனேஸ் என்ற மரபணு பழுதானவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை பிறந்ததிலிருந்தே சற்று ஏறியிருக்கும், ஆனால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. எச்என்எஃப்1ஏ என்ற மரபணு பழுதானவர்களில் சிலர் முதல் வகை நீரிழிவு (கணையம் இன்சுலினை ஏறக்குறைய சுரக்காமலே போகும் வகை) என்று தவறாகக் கணிக்கப்பட்டு வருடக்கணக்கில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பலர் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு மாறிவிடலாம். இளவயதில், உடல் பருமன் இல்லாமல், மூன்று தலைமுறையாகத் தொடர்ந்து வரும் நீரிழிவு என்றால் மருத்துவரிடம் இந்த வகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது.

மற்ற எல்லோருக்கும், அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, கதை வேறு. மனித டிஎன்ஏவில் சுமார் 300 கோடி எழுத்துகள். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் அதில் லட்சக்கணக்கான இடங்களில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பெரும்பாலான மாற்றங்களால் ஒன்றும் ஆகாது. சில மட்டும் சர்க்கரையின் கணக்கை ஒரு துளி இப்படியோ அப்படியோ தள்ளும்.

இவற்றில் மிகப் புகழ்பெற்றது டிசிஎஃப்7எல்2 என்ற மரபணு. 2006இல் ஐஸ்லாந்தில் டிகோட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை வெளிக்கொண்டுவந்தார்கள். பொதுவாகக் காணப்படும் மரபணு மாற்றங்களில் இரண்டாம் வகை நீரிழிவை இந்த அளவுக்குப் பாதிக்கும் வேறொன்று கிடைப்பது அரிது. அதன் பலமே எவ்வளவு தெரியுமா? பெற்றோரில் ஒருவரிடமிருந்து அந்த அபாய எழுத்து வந்திருந்தால் அபாயம் ஏறக்குறைய 1.4 மடங்கு. இருவரிடமிருந்தும் வந்திருந்தால் சுமார் இரண்டு மடங்கு. அவ்வளவுதான். முதலிடத்தில் இருப்பதே இவ்வளவு என்றால் மற்றவற்றின் பலம் இன்னும் சின்னது.

ஆனால் எண்ணிக்கை பெரிது. 2024இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் டிஎன்ஏவை அலசி, இரண்டாம் வகை நீரிழிவோடு தொடர்புடைய 611 இடங்களைக் கண்டது. நம் கல்யாண வீட்டு மொய் மாதிரிதான் இது. எந்த ஒருவரும் மொத்தச் செலவையும் தருவதில்லை. ஆளுக்குப் பத்தும் ஐம்பதுமாகச் சேர்ந்து கடைசியில் நோட்டைக் கூட்டும்போது ஒரு தொகை வருகிறது. ஒரே பெற்றோருக்குப் பிறந்த அண்ணன் தம்பிக்கே அந்தக் கூட்டுத்தொகை வெவ்வேறு. அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகக் கலைத்துப்போட்டுத்தான் வருகிறது. "ஒரே சாப்பாடு, அவனுக்கு வந்துச்சு, எனக்கு வரலை" என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்த மரபணுக்கள் என்னதான் செய்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நீரிழிவு மரபணுக்களைத் தேடிப் போனபோது, உடல் பருமன், இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தசை ஆகியவை சார்ந்த மரபணுக்கள்தான் வரிசையில் நிற்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். வந்தவற்றில் பெரும்பகுதி பீட்டா செல்லைச் சுற்றியே இருந்தது. அதாவது இன்சுலின் செய்வது, சேமிப்பது, நேரத்துக்கு வெளியே அனுப்புவது.

பீட்டா செல் குளுக்கோஸை எப்படி உணர்கிறது என்று பாருங்கள். குளுக்கோஸ் உள்ளே வந்ததும் குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதைப் பிடித்து எரிபொருள் பாதையில் தள்ளுகிறது. எரிபொருள் கூடியதும் செல்லின் சுவரில் உள்ள பொட்டாசிய வாசல் ஒன்று மூடிக்கொள்கிறது. அதனால் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, இன்சுலின் வெளியே கொட்டுகிறது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் மரபணு மாற்றங்கள் உண்டு. அந்தப் பொட்டாசிய வாசலின் ஒரு பகுதியை உருவாக்கும் கேசிஎன்ஜே11 மரபணு, நீரிழிவோடு தொடர்பு உறுதியான முதல் சிலவற்றில் ஒன்று. முன்னே சொன்ன சல்ஃபோனைல்யூரியா மாத்திரையும் இதே வாசலை மூடித்தான் வேலை செய்கிறது.

டிசிஎஃப்7எல்2 நேரடியாக இந்தச் சங்கிலியில் இல்லை. அது மற்ற மரபணுக்களை ஏற்றியும் இறக்கியும் வைக்கும் மேலாளர் வகை. அதன் அபாய எழுத்தைச் சுமப்பவர்களின் பீட்டா செல்கள், சாப்பிட்டதும் குடலிலிருந்து வரும் 'இன்சுலின் தேவைப்படுகிறது' என்ற செய்திக்குச் சற்று மந்தமாகப் பதில் சொல்கின்றன.

எஸ்எல்சி30ஏ8 என்றொரு மரபணு. இன்சுலினைக் கட்டியாக அடுக்கிவைக்கத் துத்தநாகம் தேவை. அதைச் சேமிப்புப் பைக்குள் கொண்டுபோகும் வேலை இதனுடையது. இது பழுதானால் நீரிழிவு வரும் என்றுதானே நினைப்போம்? 2014இல் சுமார் 1,50,000 பேரை ஆராய்ந்தபோது நேர்மாறாக இருந்தது. இந்த மரபணுவின் ஒரு பிரதி முற்றிலும் பழுதானவர்களுக்கு நீரிழிவு அபாயம் சுமார் 65 விழுக்காடு குறைவு. பழுதான மரபணு என்றாலே கெடுதல் என்று நினைக்கும் நமக்கு இது ஒரு நல்ல அதிர்ச்சி.

எம்டிஎன்ஆர்1பி மரபணுவை இரவுணவுப் பிரியர்களுக்காகச் சொல்லவேண்டும். தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோனை ஏற்கும் வாங்கி இது. மெலடோனின் ஏறும் நேரத்தில் இன்சுலின் சுரப்பு கொஞ்சம் அடங்குகிறது. ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வில், தூங்கப்போகும் நேரத்தை ஒட்டிக் குளுக்கோஸ் கரைசலைக் குடித்தவர்களுக்கு இன்சுலின் குறைவாகச் சுரந்தது, சர்க்கரை கூடுதலாக ஏறியது. இந்த மரபணுவின் அபாய எழுத்தைச் சுமப்பவர்களிடம் இன்சுலின் குறைவு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நள்ளிரவுக்கு மேல் புரோட்டாக் கடையில் கூட்டம் நிற்கும் ஊரில் வாழ்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கவும்.

எஃப்டிஓ மரபணு சுற்றுவழியில் வருகிறது. அது பசியையும் எடையையும் தூண்டுகிறது, எடை வழியே நீரிழிவு.

சர்க்கரை அளவும் நீரிழிவு அபாயமும் ஒன்றல்ல என்பதற்கு ஜி6பிசி2 மரபணு நல்ல சாட்சி. இதன் மாற்றம் வெறும் வயிற்று அளவைச் சற்று உயர்த்துகிறது, ஆனால் நீரிழிவு அபாயத்தை அப்படி உயர்த்துவதில்லை. சிலருடைய உடல், அளவை ஒரு புள்ளி மேலே வைத்து ஓட்டுகிறது, அவ்வளவே. சில மரபணு நிலைகளோ பரிசோதனையையே ஏமாற்றும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் மரபு உள்ளவர்களுக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் சிவப்பணுக்களின் இயல்போ ஆயுளோ மாறியிருக்கும் என்பதால் அந்த எண் உண்மையான அளவிலிருந்து விலகலாம். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி பார்க்கிறார்கள். உங்களுக்கு அது இருப்பது தெரிந்திருந்தால் சுகர் பரிசோதனையின்போதும் சொல்லிவிடுங்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் சிங்கப்பூரில் 18 முதல் 69 வயதுவரை உள்ளவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. சீனரிடையே 9.7, மலாய்க்காரரிடையே 16.6, இந்தியரிடையே 17.2. 2016இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தார். அடுத்த ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நேரத்தில் ஒரு பகுதியை இதற்கே ஒதுக்கினார். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு நீரிழிவு என்று அவர் சொன்னபோது பல வீடுகளில் யாரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் இந்தியர்களுக்கென்று தனி மரபணு உண்டா? அப்படி ஒன்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை. டிசிஎஃப்7எல்2 அபாய எழுத்து தெற்காசியரிடையே பரவலாக இருக்கிறது, ஐரோப்பியரிடையேயும் ஏறக்குறைய அதே அளவில்தான், சீனரிடையே மட்டும் அரிது. 2011இல் தெற்காசியர்களைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வு ஆறு புதிய இடங்களைக் கண்டது. சிங்கப்பூர் இந்தியர்களின் கண் நல ஆய்வில் சேர்ந்தவர்களின் தகவலும் அதில் இருந்தது. அந்த ஆறும் நம்மிடம் மட்டும் இருப்பவை அல்ல. வித்தியாசத்தை முழுதாக விளக்கும் பலமும் அவற்றுக்கு இல்லை.

உடலமைப்பில் தடயம் கிடைக்கிறது. 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்கள். புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2. யுட்கின் மாரத்தான் ஓடுபவர், யாஜ்னிக்கோ மின்தூக்கிக் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பவர் என்று அவர்களே கிண்டலாக எழுதியிருந்தார்கள். அதைக் கழித்தாலும் கருத்து நிற்கிறது. நம் உடல் ஒல்லியாகத் தெரியும்போதே உள்ளே, வயிற்றுப் பகுதியில், கொழுப்பைச் சேர்த்துவைக்கிறது. யாஜ்னிக் குழுவினர் புனேயில் பிறந்த குழந்தைகளிடமே இதைப் பார்த்தார்கள். எடை குறைவு, தசை குறைவு, கொழுப்பு மட்டும் குறையவில்லை. சிங்கப்பூரில் 2009இல் தொடங்கி, தாய்மாரையும் குழந்தைகளையும் பின்தொடரும் 'கஸ்டோ' ஆய்விலும் இந்தியப் பச்சிளங்குழந்தைகளின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பு சீனக் குழந்தைகளைவிடக் கூடுதலாக இருந்தது. நம் நாட்டில் எடைக் குறியீடு 23ஐத் தொட்டதுமே எச்சரிக்கையும் 27.5இல் பெரிய எச்சரிக்கையும் தருவது இதனால்தான். மேல்நாட்டு அட்டவணையைப் பார்த்து "25க்குக் கீழேதானே" என்று நிம்மதி அடைய நமக்கு இடமில்லை.

பிறக்கும்போதே இருந்தால் அது மரபணுதான் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. கருப்பையும் ஒரு சூழல். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரிடையே, ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். தாய்க்கு நீரிழிவு வந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு, வருவதற்கு முன் பிறந்த பிள்ளையைவிட அபாயம் பல மடங்கு அதிகம். ஒரே தாய், ஒரே தந்தை, கருவில் பார்த்த சர்க்கரை மட்டும் வேறு. 'கஸ்டோ' ஆய்வில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் படித்தால், கர்ப்பத்தில் சுகர் பார்க்கச் சொல்லும்போது "குழந்தை பொறந்தா சரியாகிடும்" என்று தள்ளிவிடக்கூடாது என்பது புரியும்.

பீமா மக்களின் கதை அதோடு முடியவில்லை. அதே இனத்தவர் எல்லைக்கு அப்பால் மெக்ஸிகோ மலைப்பகுதியில் வயல் வேலை செய்து வாழ்கிறார்கள். அரிசோனாவில் பெரியவர்களில் 38 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, மெக்ஸிகோவில் 7 விழுக்காட்டுக்கும் கீழே. மரபணுவில் நெருங்கிய உறவினர்கள், பிழைப்பும் சாப்பாடும்தான் வேறு. தஞ்சாவூரிலும் சிவகங்கையிலும் வயலில் நின்ற கொள்ளுத்தாத்தாவின் மரபணுதான் இன்று சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கும் பேரனிடமும் இருக்கிறது. நான்கைந்து தலைமுறையில் டிஎன்ஏ அப்படி மாறிவிடாது. மாறியது நடை, தூக்கம், சோற்றுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மற்ற எல்லாம்.

தெரிந்து என்ன செய்வது?

மரபணுவில் அபாயம் இருந்தால் உடற்பயிற்சி எடுபடுமா என்பதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்து 2002இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நடுநிலைக் கட்டத்தில் இருந்தவர்கள் எடையை 7 விழுக்காடு குறைக்கவும் வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கவும் இலக்கு வைத்தார்கள். நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 31 விழுக்காடு. பிறகு அதே ஆட்களின் டிசிஎஃப்7எல்2 மரபணுவைப் பார்த்தார்கள். எந்தச் சிகிச்சையும் இல்லாத குழுவில், இரண்டு அபாயப் பிரதிகள் உள்ளவர்களுக்கு, ஒன்றும் இல்லாதவர்களைவிட நீரிழிவு சுமார் 80 விழுக்காடு அதிகமாக வந்தது. பழக்கத்தை மாற்றிக்கொண்ட குழுவில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. பரம்பரையில் இருக்கிறது என்று கையை விரிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அது அமெரிக்கர்களின் உடல். நம்மவர்களுக்கு? சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. நடுநிலைக் கட்டத்தில் இருந்த 531 பேர். ஒன்றும் செய்யாமல் விட்ட குழுவில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்குள் போய்விட்டார்கள். படபடக்கவைக்கும் வேகம் அது. நடையும் உணவு மாற்றமும் செய்தவர்களில் 39 விழுக்காடு. அதாவது ஆபத்து 28.5 விழுக்காடு குறைவு. அமெரிக்க எண்ணில் பாதிதான், உண்மை. ஆனால் அவர்கள் எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எடை இயந்திரத்தில் முள் நகரவில்லை என்று நடையை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

மரபணுப் பரிசோதனை செய்துகொண்டால் என்ன என்று இளையவர்கள் கேட்கிறார்கள். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் நூற்றுக்கணக்கான இடங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் வரும். அந்த மதிப்பெண்களில் பல ஐரோப்பியர்களின் தரவை அடிப்படையாகக் கொண்டவை என்பதால் நம்மைப் போன்றவர்களிடம் துல்லியம் குறைகிறது. இதைச் சரிசெய்யத்தான் சிங்கப்பூரில் 'எஸ்ஜி100கே' திட்டத்தில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என ஒரு லட்சம் பேரின் மரபணுத்தொகுதியை முழுதாக வாசிக்கிறார்கள். அதன் பலன் மருந்தகத்துக்கு வந்துசேரும்போது பேச்சு மாறலாம். இப்போதைக்கு, இரண்டாம் வகை நீரிழிவுக்காகக் காசு கொடுத்துப் பரிசோதிப்பதைவிட வீட்டில் மூத்தவர்களிடம் உட்கார்ந்து விசாரிப்பது பயனுள்ளது என்பது என் கருத்து. குடும்ப வரலாற்றில் மரபணுவும் இருக்கிறது, சமையலறையும் இருக்கிறது, செலவும் இல்லை. காப்புறுதி பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2021 முதல் நடப்பில் உள்ள ஏற்பாட்டின்படி, காப்புறுதி வாங்க வருபவரை மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி நிறுவனங்கள் கட்டாயப்படுத்தக்கூடாது.

விசாரிக்கும்போது "சுகர் இருந்ததா" என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், எந்த வயதில் தெரிந்தது என்று கேளுங்கள். 70 வயதில் வந்த தாத்தாவும் 35 வயதில் வந்த அத்தையும் ஒரே எடை அல்ல. அப்போது ஒல்லியா, குண்டா? கர்ப்பத்தில் யாருக்காவது சுகர் ஏறியதா? மூத்தவர்கள் இதை "இனிப்பு நீர்" என்று சொல்லியிருப்பார்கள், சிலர் சொல்லாமலே மறைத்திருப்பார்கள். காலில் ஆறாத புண், திடீரென்று மங்கிய கண், ரத்தச் சுத்திகரிப்பு என்று சுற்றிவளைத்துக் கேட்டால் சில சமயம் விஷயம் வெளியே வரும்.

அந்த விவரத்தோடு போனால் அடுத்த படி எளிது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, முன்பு 'ஸ்க்ரீன் ஃபார் லைஃப்' என்று அழைக்கப்பட்ட தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் மூன்றாண்டுக்கு ஒருமுறை குறைந்த செலவில் சர்க்கரை பார்க்கலாம், அரசின் 'ஹெல்த்தியர் எஸ்ஜி' நலத்திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குக் கட்டணமே இல்லை. 18 முதல் 39 வயதுவரை உள்ளவர்களுக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் நீரிழிவு அபாய மதிப்பீடு இணையத்தில் இருக்கிறது. சில கேள்விகள்தான், அதில் குடும்ப வரலாறும் ஒன்று. அபாயம் அதிகம் என்று வந்தால் 40 வரை காத்திருக்காமல் சலுகைக் கட்டணத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம். முடிவில் 6.1 முதல் 6.9 என்று வந்தால் "இன்னும் சுகர் இல்லையாம்" என்று வீட்டுக்கு வந்துவிடாமல், அடுத்த பரிசோதனை எப்போது என்று மருந்தகத்திலேயே தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள். சென்னை ஆய்வில் மூன்றாண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டவர்கள் கடந்துபோனதும் நடுநிலைக் கட்டத்திலிருந்துதான்.